மரியாளின் காலடியில் குழிவிழுந்த நிலவு

வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு விவிலியச் சுவடி ஒன்று இருக்கிறது. 1220களில் எழுதப்பட்டதாகக் கணிக்கப்படும் அதன் முகப்புப் படத்தில் கடவுள் குனிந்து நின்று வேலை செய்கிறார். முன்னால் ஒரு பெரிய வட்டம். அதன்மேல் அவர் ஊன்றியிருப்பது கொத்தனார்களும் தச்சர்களும் பயன்படுத்தும் அளவுள்ள ஒரு கவராயம். வட்டத்துக்குள் சூரியனும் நிலவும் விண்மீன்களும் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. நடுவிலுள்ள பூமி மட்டும் இன்னும் உருப்பெறாத பிண்டமாகக் கிடக்கிறது. கடவுளின் ஒரு பாதம் படத்தின் சட்டத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. படைப்பவர் படைப்புக்குள் அடங்கமாட்டார் என்பதை ஓவியர் அப்படிச் சொல்லியிருக்கவேண்டும்.

இந்தக் காட்சிக்கு விவிலியத்திலேயே ஆதாரம் உண்டு. ஆழ்கடலின்மீது வட்டம் வரையப்பட்டபோது ஞானம் உடனிருந்ததாக நீதிமொழிகள் நூல் கூறுகிறது. எல்லாமே அளவு, எண், எடை என்ற மூன்றால் ஒழுங்குபடுத்தப்பட்டன என்பது சாலமோனின் ஞானம் என்ற நூலின் கருத்து. இரண்டாவதை இடைக்கால அறிஞர்கள் சளைக்காமல் எடுத்தாண்டார்கள். கடவுள் அளந்து படைத்தார் என்றால், அளந்து அறிவது அவர் நடந்த வழியிலேயே நடப்பதாகும்; கணிதமும் வானியலும் வழிபாட்டுக்கு அயலானவை ஆகா. ஆனால் அதே வாதத்தைத் திருப்பியும் போடலாம். கடவுளின் கையிலிருந்த கவராயத்தை மனிதன் எடுத்துக்கொள்வது பக்தியா, அத்துமீறலா? கருவியால் வானத்தைக் காண்பவன் படைத்தவனை நெருங்குகிறானா, அவன் இடத்தில் தானே உட்காரப் பார்க்கிறானா? இறையியலாளர்கள் நூல்களில் விவாதித்த இந்தக் கேள்வியை ஓவியர்கள் சுவரிலும் துணியிலும் செப்பேட்டிலும் கையாண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகளை வரிசையாகப் பார்த்தால், மதமும் வானியலும் தொடக்கம் முதலே போரிட்டுவந்தன என்ற பரவலான எண்ணத்துக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு.

கண்ணால் கண்ட வானத்தைப் பக்திப் படத்தில் வைப்பதற்குத் தயக்கம் இருக்கவில்லை. பதுவா நகரின் ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜியோத்தோ 1305 வாக்கில் வரைந்த ஞானிகள் வழிபடும் காட்சியில், பெத்லகேம் விண்மீன் நெருப்புத் தலையும் நீண்ட வாலுமுள்ள வால்வெள்ளியாகக் காட்டப்பட்டிருக்கிறது. 1301இல் வந்த ஹேலி வால்வெள்ளியை அவர் பார்த்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1986இல் அதே வால்வெள்ளியை நெருங்கிச்சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜியோத்தோ என்று பெயரிட்டது இதனால்தான்.

கருவிகள் புனிதர்களின் அறைக்குள் நுழைவது 15ஆம் நூற்றாண்டில். பிளாரன்ஸ் நகரின் ஒஞ்ஞிசாந்தி ஆலயத்துக்காக 1480இல் பொட்டிச்செல்லி வரைந்த சுவரோவியத்தில் புனித அகுஸ்தீன் தன் படிப்பறையில் மார்பில் கைவைத்து மேல்நோக்கிப் பார்க்கிறார். அவர் தலைக்கு மேலே ஒரு பக்கம் வளையக் கோளம். கோள்களின் பாதைகளையும் வான நடுவரையையும் உலோக வளையங்களால் காட்டும் கருவி அது. மறுபக்கம் ஒரு பொறிக் கடிகாரமும் திறந்த வடிவியல் நூலும் இருக்கின்றன. இங்கே ஒரு முரண் உண்டு. அகுஸ்தீன் இளமையில் சோதிடத்தில் ஈடுபட்டு, பின்பு அதை வன்மையாகக் கண்டித்தவர். வானியலாளர்களின் கணக்கு பலிக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. கிரகணத்தை ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறவர்கள் தம் அகத்தில் விழும் இருளை மட்டும் காண்பதில்லை என்பதே அவருடைய குறை. அப்படிப்பட்டவரின் அறையில் வளையக் கோளத்தைத் தொங்கவிட்டது மறுமலர்ச்சிக் காலத்தின் துணிச்சல். ஆனாலும் ஓவியத்தில் அகுஸ்தீன் கருவியைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை ஒளி வரும் திசையில் இருக்கிறது. கருவி அறிவின் அடையாளமாகக் கூடவே இருக்கலாம், ஆனால் கடைசி அடியை அது எடுத்துவைக்காது என்பது பொட்டிச்செல்லியின் தீர்வு.

இந்த ஏற்பாடு அடுத்த அரை நூற்றாண்டில் குலைந்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ இருக்கிறது. பிரெஞ்சுத் தூதர் ழான் த தான்த்வீலும் அவருடைய நண்பரும் ஆயருமான ழோர்ழ் த செல்வும் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். முன்னவருக்கு வயது 29, பின்னவருக்கு 25. நடுவில் இரண்டு தட்டுகளுள்ள அலமாரி. மேல்தட்டில் வானம்: விண்மீன் உருண்டை, தூண் வடிவ நிழற்கடிகாரம், கால்வட்டம், பல முகங்களுள்ள நிழற்கடிகாரம், கோள்களின் இடத்தைக் கணிக்கும் டார்குவெட்டம். கீழ்த்தட்டில் பூமி: உலக உருண்டை, வணிகக் கணித நூல், லூத்தரியப் பாடல் புத்தகம், ஒரு நரம்பு அறுந்த லூட் வீணை. கருவிகள் அவ்வளவு நுட்பமாக வரையப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எட்டாம் ஹென்றியின் அரசவை வானியலாளர் நிக்கோலாஸ் கிராட்சர் ஹோல்பைனின் நண்பர். 1528இல் ஹோல்பைன் வரைந்த கிராட்சரின் உருவப்படத்தில் இதே வகைக் கருவிகள் சில முன்பே வந்துவிட்டன.

அலமாரிக்கு முன்னால், தரையில், சாய்வாக நீண்டு ஏதோ கறைபோல் கிடக்கிறது. ஓவியத்தின் ஓரத்துக்குப் போய் பக்கவாட்டில் பார்த்தால்தான் அது மண்டையோடு என்று தெரியும். அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது கருவிகளும் தூதர்களும் நெளிந்து சிதைந்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் சரியாகக் காண வழியில்லை. இடது மேல்மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால், பாதி மறைந்து, வெள்ளியாலான சிறு சிலுவை தொங்குகிறது. அவர்கள் நிற்கும் தளம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயப் பீடத்துக்கு முன்னுள்ள கல்பதித்த தரையைப் பின்பற்றியது. 1268இல் அமைக்கப்பட்ட அந்தத் தரையில் உலகின் ஆயுளைக் கணக்கிடும் கல்வெட்டு வாசகம் உண்டு.

ஆங்கிலத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்துகொண்டிருந்த ஆண்டு 1533. அறுந்த நரம்பும் லூத்தரியப் புத்தகமும் அந்தப் பிளவைச் சுட்டுவதாகப் பெரும்பாலோர் படிக்கிறார்கள். கருவிகளைக் குறித்து ஹோல்பைன் சொல்வதைப் படிப்பது அவ்வளவு எளிதல்ல. அவை பயனற்றவை என்று அவர் சொல்லவில்லை. வெறுப்பவர் அத்தனை அன்போடு வரையமாட்டார். அளக்கும் பார்வைக்கும் சாவை உணரும் பார்வைக்கும் நிற்கும் இடங்கள் வேறு என்பதை மட்டும், பார்ப்பவரையே இடம்மாறி நிற்கவைத்து, உடலால் உணரச்செய்கிறார். அகுஸ்தீன் சொற்களில் வைத்த குறையை இதைவிடத் தெளிவாக வேறெந்த ஓவியமும் காட்டவில்லை.

மத அதிகாரத்தின் முன் வானியல் தோற்ற கதை உண்மையில் நடந்த இடம் ஒன்று இஸ்தான்புல். சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் வானியலாளர் தகியுத்தீன் 1577இல் அங்கே ஒரு வானாய்வகத்தை நிறுவினார். அதே ஆண்டு பெரிய வால்வெள்ளி தோன்றியது. தகியுத்தீன் அதை நற்சகுனமாகக் கணித்துச் சொன்னார். தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. வானத்தின் இரகசியங்களைத் துருவுவது தீமையைக் கொண்டுவரும் என்று தலைமை மத அறிஞர் சுல்தானுக்கு எடுத்துரைத்தார். 1580 ஜனவரியில் வானாய்வகம் இடிக்கப்பட்டது. அரசவைக் கட்சிச் சண்டைகளுக்கும் இதில் பங்கு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

வியப்பு இனிமேல்தான். 1581இல் சுல்தானின் புகழ்பாடும் ‘ஷாஹின்ஷாநாமா’ என்ற காப்பியச் சுவடி முடிக்கப்பட்டது. இஸ்தான்புல் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அந்தச் சுவடியின் நுண்ணோவியம் ஒன்றில் தகியுத்தீனின் ஆய்வகம் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது. தலைப்பாகை அணிந்த வானியலாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் அஸ்ட்ரோலேபைத் தூக்கிப் பிடிக்கிறார், ஒருவர் கால்வட்டத்தால் பார்க்கிறார், ஒருவர் எழுதுகிறார். மேசையில் கவராயமும் கடிகாரமும், அலமாரியில் நூல்கள், முன்னால் உலக உருண்டை. இடித்துத் தரைமட்டமாக்கிய அடுத்த ஆண்டு, இடித்த அரசரின் பெருமைக்காகவே, இடிக்கப்பட்டதைத் தங்கமும் நீலமும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். வானாய்வகம் கட்டியது சுல்தானின் புகழுக்கு உரியது. இடித்ததும் அதே காப்பியத்தில் அவர் புகழோடே சேர்க்கப்படுகிறது. ஓவியருக்கு இதில் முரண் தென்பட்டதா என்பதைப் படத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

1577இன் அந்த வால்வெள்ளியை அன்றைய டென்மார்க்கின் ஹ்வேன் தீவிலிருந்து அளந்தவர் டைக்கோ பிராகே. அது நிலவைவிடத் தொலைவில் இருப்பதை அவர் காட்டியது, கோள்களைத் தாங்கும் பளிங்குக் கோளங்கள் என்ற பழைய நம்பிக்கையை ஆட்டங்காணவைத்தது. தன் மாளிகைச் சுவரில் பதித்திருந்த பெரிய கால்வட்டத்துக்குள் அவர் தன் உருவத்தையே வரையவைத்திருந்தார். 1598இல் அச்சிட்ட தன் கருவிகள் பற்றிய நூலில் அந்தக் காட்சியைப் படமாகச் சேர்த்தார். கவராயத்துக்குப் பின்னால் கடவுள் நின்றதுபோல் கால்வட்டத்துக்குப் பின்னால் டைக்கோ அமர்ந்திருக்கிறார். காலடியில் நாய் படுத்திருப்பது ஒன்றே ஆறுதல். அவருடைய மாளிகையும் பிற்பாடு அழிந்துபோனது. இஸ்தான்புல்லைப் போலவே அங்கும் எஞ்சியது படம்தான்.

தொலைநோக்கி வந்தபோது கேள்வி கூர்மையடைந்தது. அதுவரை கருவிகள் வானத்தை அளந்தன. தொலைநோக்கி வானத்தின் தோற்றத்தையே மாற்றியது. அரிஸ்டாட்டிலின் மரபில் நிலவுக்குக் கீழுள்ள உலகம் மாறுவது, அழிவது. நிலவிலிருந்து மேலே உள்ளவை மாசற்றவை, முழுமையான உருண்டைகள். கண்ணுக்குத் தெரியும் நிலவின் கறைகளை அடர்த்தி வேறுபாடு என்று விளக்கிச் சமாளித்துவந்தார்கள். கிறித்தவக் கலையில் அந்த நிலவுக்குத் தனி இடம் இருந்தது. திருவெளிப்பாடு நூலின் 12ஆம் அதிகாரத்தில் சூரியனை ஆடையாக அணிந்து, 12 விண்மீன்களை முடியாகச் சூடி, நிலவைக் காலடியில் கொண்ட பெண் ஒருத்தி தோன்றுகிறாள். அவளை மரியாளாகக் கண்ட மரபில், கறையற்ற நிலவு கறையற்ற கன்னியின் அடையாளம் ஆயிற்று.

கலிலியோ 1610 மார்ச்சில் வெளியிட்ட சிறுநூல் நிலவில் மலைகளும் பள்ளங்களும் இருப்பதாகச் சொன்னது. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான எல்லைக்கோடு நேராக இல்லாமல் பல்லுப்பல்லாக இருந்ததையும், இருண்ட பக்கத்தில் தனித்து மின்னிய புள்ளிகளையும் கண்டு, அவை சூரிய ஒளி முதலில் தொடும் மலைமுகடுகள் என்று அவர் முடிவுசெய்தார். அந்தப் புள்ளிகள் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தன என்பதைக்கொண்டு மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹேரியட் 1609 கோடையிலேயே தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஆனால் முதல் படத்தில் அவர் வரைந்தவை வெறும் கறைகள். கலிலியோ பிளாரன்ஸ் ஓவியர்களோடு பழகி, நிழல்விழும் முறையையும் காட்சிமுறை வரைதலையும் அறிந்தவர். கறையை நிழலாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஓவியப் பயிற்சி. இந்த இடத்தில் கலை வானியலைச் சித்திரித்தது என்று சொல்வதைவிட, வானியலுக்குக் கண் கொடுத்தது என்று சொல்வது பொருந்தும்.

அந்த ஓவிய நண்பர்களில் ஒருவர் சீகோலி என்று அழைக்கப்பட்ட லுதோவிகோ கார்தி. 1610 முதல் 1612 வரை அவர் ரோமின் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில், திருத்தந்தை ஐந்தாம் பவுல் தமக்காகக் கட்டிய சிற்றாலயத்தின் குவிமாடத்தில் வரைந்துகொண்டிருந்தார். பொருள் அதே திருவெளிப்பாட்டுப் பெண்தான். அவருடைய மரியாள் நிற்பது வழவழப்பான வெள்ளிப் பிறைமேல் அல்ல. குழிவிழுந்து, ஓரம் பல்லுப்பல்லாகி, கறைபடிந்த நிலவின்மேல். கலிலியோவின் நூலிலிருந்த படங்களை அப்படியே குவிமாடத்துக்கு ஏற்றிவிட்டார் சீகோலி. தாமும் தொலைநோக்கி வழியாகச் சூரியப் புள்ளிகளைப் பார்த்து வரைந்து நண்பருக்கு அனுப்பிவந்தார்.

அப்போது ரோமில் இது தீர்ந்துபோன விஷயம் அல்ல. 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின், தொலைநோக்கியில் தெரிபவை உண்மையா என்று இயேசு சபையின் ரோமக் கல்லூரிக் கணித அறிஞர்களிடம் கேட்டார். உண்மைதான் என்று அவர்கள் எழுதினார்கள். ஆனால் அவர்களில் மூத்தவரும் நாட்காட்டிச் சீர்திருத்தத்தின் முக்கிய அறிஞருமான கிளாவியுஸ், நிலவின் பரப்பு மேடுபள்ளமானது என்பதை மட்டும் ஏற்கவில்லை. அடர்த்தி வேறுபாடு என்ற பழைய விளக்கமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இதைக் கண்டு எரிச்சலடைந்த சீகோலி, வரையத் தெரியாத கணிதர் எவ்வளவு பெரியவரானாலும் அரைக் கணிதர் மட்டுமல்ல, கண்ணில்லாதவரும்தான் என்ற பொருளில் கலிலியோவுக்கு எழுதினார். அப்படியாகத் திருச்சபையின் பெருங்கணிதர் மறுத்த நிலவு, திருத்தந்தையின் சொந்தச் சிற்றாலயத்தில் மரியாளின் காலடியில் இடம்பெற்றது. யாரும் எதிர்த்துக் கொடிபிடிக்கவில்லை. 1612 இறுதியில் ரோமின் லின்செய் கழகத் தலைவர் பெதெரிகோ செசி, அந்த நிலவைப் புகழ்ந்து கலிலியோவுக்குக் கடிதம் எழுதினார்.

ஏன் யாரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை? இறையியல் மரபிலேயே நிலவுக்கு இன்னொரு பொருள் இருந்தது. வளர்ந்து தேயும் நிலவு நிலையற்ற உலகத்தின் அடையாளம். மரியாள் அதைக் காலடியில் கொண்டிருப்பது மாறுதலையும் அழிவையும் வென்றதைக் காட்டும். நிலவு மாசற்றது என்றால் அது கன்னியின் உவமை. நிலவு கரடுமுரடானது என்றால் அது அவள் கடந்து நின்ற உலகம். தொலைநோக்கி முதல் பொருளைக் குலைத்தபோது இரண்டாவது கைகொடுத்தது. இது வெறும் சமாளிப்பு என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் குறியீடுகளைக்கொண்டு சிந்திக்கும் எந்த மரபும் புதிய உண்மைகளை உள்வாங்கும் வழி இதுதான். குறியீடு உடைவதில்லை, இடம் மாறிக்கொள்கிறது.

ஆனால் குவிமாடத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை நூலுக்குக் கிடைக்கவில்லை. அதே ஐந்தாம் பவுலின் ஆட்சியில், 1616 மார்ச் 5 அன்று, பூமி நகர்கிறது என்று வாதிட்ட கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. நிலவில் மலை இருப்பது விவிலியத்தின் எந்த வரியோடும் மோதவில்லை. பூமி நகர்வது யோசுவாவின் கட்டளைப்படி சூரியன் நின்ற வரலாற்றோடு மோதியது. திருச்சபை கருவியைக் கண்டு அஞ்சவில்லை. விவிலியத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமை தன் கையைவிட்டுப் போவதைக் கண்டுதான் அஞ்சியது என்பதற்கு அந்தக் குவிமாடமும் அந்த ஆணையும் சேர்ந்து சாட்சி.

ஸ்பெயின் ஓவியர்கள் வேறு வழியில் போனார்கள். 1618 வாக்கில் இளம் வெலாஸ்கெஸ் வரைந்த அமலோற்பவக் கன்னி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலவின்மேல் நிற்கிறாள். அவருடைய ஆசிரியரும் மாமனாருமான பாச்சேகோ, பிறையின் முனைகள் கீழ்நோக்கியே இருக்கவேண்டும் என்று தம் ஓவிய நூலில் விதித்தார். மேலே நிற்கும் கன்னிமீது கீழிருந்து ஒளி விழ அதுவே முறை என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம் கணித அறிஞர்களின் கருத்து. குழிகளை ஏற்காதவர்களும் ஒளியியலை ஏற்றார்கள். பிளாண்டர்சில் ரூபன்சும் யான் புரூகலும் சேர்ந்து 1617இல் வரைந்த ‘பார்வை’ என்ற ஓவியத்தில் தொலைநோக்கி, அஸ்ட்ரோலேப், உருண்டைகள், வளையக் கோளம் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. நடுவில் அமர்ந்த பெண் அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. சிறகுள்ள சிறுவன் நீட்டும் ஒரு படத்தைப் பார்க்கிறாள். அதில் இயேசு பார்வையற்றவனுக்குப் பார்வை தருகிறார். பொட்டிச்செல்லியின் விடை, பொருட்காட்சிக்கூடம் ஒன்றின் நடுவே மீண்டும் ஒலிக்கிறது.

சாலமோனின் ஞானம் நூலின் மூன்று சொற்கள் மறுபடி தலைகாட்டுவது ஒரு நூலின் முகப்பில். பொலோஞ்ஞாவின் இயேசு சபைத் துறவி ரிச்சோலி 1651இல் வெளியிட்ட ‘புதிய அல்மஜெஸ்ட்’ நூலின் செதுக்கோவியத்தில் வானிலிருந்து கடவுளின் கை நீள்கிறது. விரல்களில் எண், அளவு, எடை என்ற சொற்கள். கீழே விண்மீன்கள் பதித்த ஆடையணிந்த பெண் தராசு பிடித்திருக்கிறாள். ஒரு தட்டில் கோப்பர்நிக்கஸின் அமைப்பு, மறுதட்டில், பூமியை அசையாமல் நடுவில் வைத்த டைக்கோவின் அமைப்பை ரிச்சோலி திருத்திய வடிவம். தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உடல் முழுவதும் கண்களுள்ள ஆர்கஸ், கையில் தொலைநோக்கியோடு, முழங்காலிலுள்ள கண்ணால் சூரியனைப் பார்க்கிறான். தாலமி தன் அமைப்போடு தரையில் கிடக்கிறார். அவரை மீட்க வழியில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்துவேறுபாடு இல்லை. பூமி நகர்வதற்கு ஆதரவாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் நூல் தொகுத்துத் தருகிறது. எண்ணிக்கை தீர்ப்பல்ல என்பது ரிச்சோலிக்கும் தெரிந்திருந்தது. அதே நூலில் கிரிமால்டி வரைந்த நிலவுப் படத்துக்கு அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. நிலவின் எடுப்பான பெருங்குழிகளில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் கோப்பர்நிக்கஸ்.

கருவி ஆலயத்துக்குள் படமாக வந்தது போதாதென்று, ஆலயமே கருவியானது. உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிக்க இளவேனிற் சமநாளைத் துல்லியமாக அறியவேண்டும். அதற்காக பொலோஞ்ஞாவின் சான் பெத்ரோனியோ ஆலயத்தில் வானியலாளர் கசீனி 1655இல் கூரையில் துளையிட்டு, தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு நண்பகல் கோடு பதித்தார். துளை வழியே விழும் சூரிய வட்டத்தின் அளவு ஆண்டு முழுவதும் மாறுவதை அளந்தபோது, கெப்ளரின் கணக்குக்கே அது ஆதரவாக நின்றது. ரோமின் சாந்தா மரியா தெல்யி ஆஞ்செலி ஆலயத்தில் பியான்கீனி 1702இல் அமைத்த கோட்டின் இருபக்கமும் ராசிகளின் உருவங்கள் பளிங்கில் இழைக்கப்பட்டிருக்கின்றன. மண்டியிட்டுச் செபிப்பவர்களுக்குப் பக்கத்தில் சூரியன் ஒவ்வொரு நண்பகலும் கடந்துபோகிறது.

இந்தக் கோட்டை ஆதரித்த திருத்தந்தை பதினோராம் கிளமென்டிடம்தான் 1711இல் பொலோஞ்ஞாவின் கோமகன் மார்சிலி எட்டுச் சிறு ஓவியங்களை அனுப்பினார். வரைந்தவர் தொனாத்தோ கிரேத்தி. சூரியன், நிலவு, ஐந்து கோள்கள், ஒரு வால்வெள்ளி ஆகியவை நிலக்காட்சிகளுக்கு மேல் பெரிதாகத் தொங்க, கீழே அக்கால உடையணிந்தவர்கள் தொலைநோக்கிகளால் பார்க்கிறார்கள். வியாழனின் பரப்பில் சிவந்த புள்ளியும் இருக்கிறது. வானாய்வகம் கட்டத் திருத்தந்தையின் உதவி வேண்டும் என்பதே பரிசின் நோக்கம், அது நிறைவேறியது. இன்று வத்திக்கான் ஓவியக்கூடத்திலுள்ள இந்த எட்டும் மானியக் கோரிக்கையாக வரையப்பட்டவை என்பது அவற்றின் அழகைக் குறைக்கவில்லை.

சீர்திருத்தத் திருச்சபை நாடான ஹாலந்தில் ஆலயச் சுவர்கள் வெறுமையாகிவிட்டன. கேள்வி வீட்டு அறைக்குள் போனது. வெர்மீரின் ‘வானியலாளர்’ 1668ஐச் சேர்ந்தது, லூவரில் இருக்கிறது. சன்னலோரம் அமர்ந்தவர் ஹோண்டியுஸ் செய்த விண்மீன் உருண்டைமேல் கையை விரிக்கிறார். மேசையில் திறந்திருக்கும் நூல் ஆட்ரியான் மெட்டியுஸ் எழுதியது. பக்கம்கூட அடையாளம் காணப்பட்டிருக்கிறது: வடிவியலும் கருவிகளும் தவிர, கடவுளின் அகத்தூண்டலும் வானியலாளருக்குத் தேவை என்று சொல்லும் பகுதியின் தொடக்கம். சுவரில் தொங்குவது குழந்தை மோசே ஆற்றிலிருந்து மீட்கப்படும் காட்சி. திருத்தூதர் பணிகள் நூலின்படி மோசே எகிப்தியரின் எல்லாக் கலைகளிலும் பயின்றவர். அகுஸ்தீன் கருவியை விட்டுவிட்டு மேலே பார்த்தார். வெர்மீரின் மனிதர் கருவியையே பார்க்கிறார். ஒளி அவரைத் தேடி வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்திச் சட்டகம் கழன்றுவிழத் தொடங்குகிறது. டார்பி நகர ஓவியர் ஜோசப் ரைட் 1766இல் காட்சிக்கு வைத்த படத்தில், கோள்களின் சுழற்சியைப் பல்சக்கரங்களால் காட்டும் ஓரரிப் பொறியைச் சுற்றிப் பெரியவர்களும் சிறுவர்களும் கூடியிருக்கிறார்கள். சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளக்கு. முன்னால் நிற்கும் சிறுவனின் உருவம் அதை மறைக்கிறது. ஒளி முகங்களில் மட்டும் தெரிகிறது. இந்த ஒளியமைப்பு ரைட் கண்டுபிடித்தது அல்ல. ஹோன்ட்ஹோர்ஸ்ட் போன்றோரின் கிறிஸ்து பிறப்புக் காட்சிகளில் தீவனத்தொட்டியில் கிடக்கும் குழந்தையிடமிருந்து இதேபோல் ஒளி கிளம்பி, சுற்றி நிற்கும் இடையர்களின் முகங்களில் விழும். குழந்தை இருந்த இடத்தில் ரைட் பொறியை வைத்தார். இதை நிந்தனை என்றும் எடுக்கலாம், புதிய வகை வழிபாடு என்றும் எடுக்கலாம். படத்திலுள்ள முகங்களில் நிந்தனைக்கான தடயம் இல்லை.

நேருக்குநேர் பகைமை வில்லியம் பிளேக்கிடம்தான் தென்படுகிறது, அதுவும் எதிர்த்திசையிலிருந்து. 1794இல் அவர் செதுக்கிய படத்தில், வெண்தாடி பறக்க, சூரிய வட்டத்திலிருந்து குனிந்து கீழே இருளை அளக்கும் முதியவரின் கையில் கவராயம். வியன்னாச் சுவடியின் காட்சியேதான். ஆனால் பிளேக்கின் முதியவர் கடவுள் அல்லர். வரம்பற்றதை அறிவின் எல்லைக்குள் அடைக்கும் உரிசன். அடுத்த ஆண்டு வரைந்த நியூட்டனும் கடலடிப் பாறையில் அமர்ந்து, சுற்றிலுமுள்ள நிறங்களைப் பாராமல், கவராயத்தோடு தாளில் மூழ்கியிருக்கிறார். கவராயம் கடவுளின் கையிலேயே இருந்திருக்கக்கூடாது என்பது பிளேக்கின் நிலைப்பாடு. அந்த நியூட்டனைப் பின்பற்றி பவ்லோட்சி செய்த பெரிய வெண்கலச் சிலை இப்போது பிரிட்டிஷ் நூலக முற்றத்தில் அறிவின் பெருமையாக நிற்கிறது. பிளேக் பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்.

இன்று எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் காட்சி, துறவிகள் முன் தனித்து நிற்கும் கலிலியோ, இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது. ரொபேர்-ஃப்ளூரி 1847இலும், கிறிஸ்தியானோ பான்தி 1857இலும் அதை வரைந்தார்கள். 69 வயதுக் கலிலியோ 1633 ஜூன் 22 அன்று மினெர்வா மடத்தின் அறையில் மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடும் உறுதிமொழியை வாசித்தார். ஓவியங்களில் அவர் நிமிர்ந்து நிற்கிறார். ஆனாலும் பூமி நகர்கிறது என்று அவர் முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் வாசகம் விசாரணைப் பதிவில் இல்லை. அந்தக் கதை இந்தப் படங்களால் வலுப்பெற்றது. மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலை வரலாற்று விதியாக்கிய டிரேப்பரின் நூல் 1874இலும், ஒயிட்டின் நூல் 1896இலும்தான் வந்தன. ஓவியர்கள் முந்திக்கொண்டார்கள். திருத்தந்தை இத்தாலிய ஒற்றுமைக்குத் தடையாக இருந்த ஆண்டுகளில் பான்தியின் படம் வரையப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கலிலியோவுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் ஐயமில்லை. அந்த ஒரு நாளை ஆறு நூற்றாண்டுகளுக்கும் முகப்புப் படமாக்கியதுதான் 19ஆம் நூற்றாண்டின் வேலை.

மறுகரையும் அதே காலத்தில் வரையப்பட்டது. கோப்பர்நிக்கஸின் 400ஆம் பிறந்த ஆண்டான 1873இல் போலந்து ஓவியர் யான் மத்தேய்கோ முடித்த பெரிய படத்துக்கு ‘வானியலாளர் கோப்பர்நிக்கஸ், அல்லது கடவுளோடு உரையாடல்’ என்று பெயர். பிராம்போர்க் பேராலயக் கோபுரங்களின் பின்னணியில், கருவிகளுக்கும் சூரியமையப் படத்துக்கும் நடுவே, வானத்தைப் பார்த்துக் கை உயர்த்திய நிலையில் அவர் இருக்கிறார். கோப்பர்நிக்கஸ் அந்தப் பேராலயத்தின் குருக்குழு உறுப்பினர் என்பதால் தலைப்பு மிகையானது அல்ல. ஆனால் நாடற்றுக் கிடந்த போலந்துக்கு ஒரு கத்தோலிக்க மேதை தேவைப்பட்டார் என்பதும் அதன் பின்னணி.

இடைக்காலத்தவர் வானத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் படமும் அந்த நூற்றாண்டின் சரக்கே. தட்டையான பூமியின் விளிம்பில் முழந்தாளிட்ட பயணி வானக்கூரையைக் கிழித்துத் தலையை வெளியே நீட்டி, அப்பாலுள்ள சக்கரங்களையும் மேகங்களையும் பார்க்கிறார். 1888இல் பிரெஞ்சு வானியல் எழுத்தாளர் கமீல் ஃபிளமரியோன் வெளியிட்ட வளிமண்டலம் பற்றிய நூலில்தான் அது முதலில் தென்படுகிறது. பழைய மரச்செதுக்கு ஓவியங்களின் பாணியில் செய்யப்பட்டது. இருந்தும் 20ஆம் நூற்றாண்டில் பாடநூல்களிலும் அட்டைப்படங்களிலும் அதற்கு வண்ணம் பூசி 16ஆம் நூற்றாண்டுப் படம் என்றே பலமுறை அச்சிட்டார்கள். உண்மையான இடைக்காலப் படத்தில், வியன்னாச் சுவடியில், உலகம் உருண்டை.